கர்ப்ப காலத்தில் மதுவும் போதைப்பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகள், அவர்களுடைய கணவன்மார், தாய்மார், பிள்ளையைத் தத்தெடுத்து வளர்ப்பவர்கள், ஆசிரியர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் இவற்றைச் சத்தமாகக் கேட்பதே இல்லை. யாரும் பக்கத்தில் இல்லாதபோது மெதுவாகக் கேட்கிறார்கள். அந்தத் தயக்கத்தினால்தான் பல குழந்தைகளுக்கு உதவி நேரத்தோடு கிடைப்பதில்லை. உங்கள் உடலுக்கு எது சரி என்ற முடிவை மட்டும் உங்களைப் பரிசோதித்த மருத்துவரோடு பேசி எடுங்கள்.

1. அம்மா குடிச்சா வயித்துல இருக்கிற குழந்தைக்கு எப்படிப் போகும்? நஞ்சுக்கொடி வடிகட்டிடாதா?

வடிகட்டாது. ஆல்கஹால் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்துவிடும். தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ, சிறிது நேரத்தில் ஏறக்குறைய அதே அளவு குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். தாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும். கருவின் கல்லீரலுக்கு அந்த வேலைக்கான நொதிகள் மிகக் குறைவு. பனிக்குட நீரிலும் ஆல்கஹால் கலக்கிறது, குழந்தை அந்த நீரை விழுங்குகிறது. அதனால் தாய்க்குத் தெளிந்த பிறகும் குழந்தையைச் சுற்றி அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

அதிகம் அடிபடுவது மூளை. மூளைச் செல்கள் பெருகுவதும், தங்கள் இடத்துக்கு நகர்ந்து போவதும், ஒன்றோடொன்று இணைவதும் தடுமாறிப்போகின்றன. இப்படி வரும் பாதிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எஃப்.ஏ.எஸ்.டி. (ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிசார்டர்) என்று பெயர். அதில் முகத்திலும் வளர்ச்சியிலும்கூட அடையாளம் தெரியும் வகைதான் ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம். பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி 1968-லேயே எழுதினார். பலர் அதைக் கவனிக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் அதற்குப் பெயர் வைத்த பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

2. ஒரு கிளாஸ் ஒயின் பரவாயில்லைன்னு சொல்றாங்களே. எவ்வளவு வரைக்கும் பயமில்லை?

"இதுவரை பயமில்லை" என்று சொல்லத்தக்க ஓர் அளவு இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதனால்தான் கர்ப்ப காலம் முழுவதும் மதுவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு கிளாஸ் குடித்த எல்லாருடைய குழந்தையும் பாதிக்கப்படும் என்று இதற்குப் பொருளில்லை. குடித்த அளவு, எந்த வாரம், தாயின் ஊட்டச்சத்து, மரபணு என்று பலதும் சேர்ந்துதான் முடிவாகிறது. ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் வளர்ந்த, உருவ ஒற்றுமை இல்லாத இரட்டையரில் ஒருவருக்குப் பாதிப்பு கூடுதலாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருந்திருக்கிறது. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

அப்புறம், பீர், ஒயின் என்றால் லேசானது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 12 சதவீத ஒயின் 150 மில்லியிலும், 40 சதவீத விஸ்கி 45 மில்லியிலும் தலா 14 கிராம். கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றுதான். ஒரே அமர்வில் நான்கு கிளாசும் அதற்கு மேலும் குடிப்பது மிக மோசம். ரத்தத்தில் அளவு சட்டென்று உச்சத்துக்கு ஏறுகிறது.

3. "ஆல்கஹால் இல்லாத பீர்" குடிக்கலாமா? சானிடைசர் கையில போட்டாக்கூட போகுமா?

சானிடைசரைப் பற்றிக் கவலை வேண்டாம், வழக்கம்போலக் கை தேய்க்கலாம். "ஆல்கஹால் இல்லாதது" என்று விற்கும் சில பானங்களில் 0.5 சதவீதம் வரை இருக்கும், அதனால் சீட்டைப் படித்துப் பாருங்கள். இருமல் மருந்து, டானிக் வாங்கும்போது கர்ப்பம் என்பதைச் சொல்லி, ஆல்கஹால் சேராததாகக் கேட்டு வாங்குங்கள்.

4. கர்ப்பம்னு தெரியாம ரெண்டு மூணு தடவை குடிச்சுட்டேன். கலைச்சிடணுமா?

அதிகம் பேர் அழுதுகொண்டே கேட்கும் கேள்வி இது. தெரிவதற்கு முன்பு நடந்த இந்த ஒன்றை வைத்து மட்டும் அப்படி ஒரு முடிவுக்குப் போகாதீர்கள். திட்டமிடாமல் வரும் கர்ப்பங்கள் ஏராளம்; மாதவிடாய் தள்ளிப்போன பிறகுதான் பெரும்பாலான பெண்களுக்குச் சந்தேகமே வருகிறது. அதற்குள் ஏதோ ஒரு விருந்தில் குடித்தவர்களில் மிகப் பலருக்கு ஆரோக்கியமான குழந்தை பிறக்கிறது.

இன்றிலிருந்து நிறுத்துங்கள். எப்போது, எவ்வளவு என்று நினைவிருப்பதை அப்படியே மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் பிள்ளைக்குப் படிப்பிலோ நடத்தையிலோ சிக்கல் தெரிந்தால் அந்த ஒரு வரி பல வருட அலைச்சலை மிச்சப்படுத்தும்.

5. முதல் மூணு மாசம்தான் முக்கியம்ங்கிறாங்க. எனக்கு ஏழாவது மாசம். இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். முகத்தின் அடையாளங்களுக்கு வழி வகுக்கும் பாதிப்பு, கருவுற்ற மூன்றாவது வாரத்தை ஒட்டிய சில நாட்களில் நேர்கிறது. மூளை அப்படியில்லை, பிரசவம் வரை வளர்ந்துகொண்டேயிருக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் அது வேகமாகப் பருக்கிறது. நீங்கள் இன்று நிறுத்தினால் நாளை வளரும் பகுதி ஆல்கஹால் இல்லாமல் வளரும், எடையும் தேறும். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு லாபம்தான்.

6. அப்ப நாளையிலிருந்தே ஒரேயடியா நிறுத்திடவா? நான் தினமும் குடிக்கிறவ.

எப்போதாவது குடிப்பவர் என்றால் உடனே நிறுத்தலாம். தினமும் அதிகமாகக் குடிக்கிறீர்கள், காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் வீட்டில் தனியாக நிறுத்த முயலாதீர்கள். உடல் அதற்குப் பழகிவிட்ட நிலையில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம்; உங்கள் உயிருக்கும் குழந்தைக்கும் அது ஆபத்து. மருத்துவமனையில் சேர்ந்து, கண்காணிப்பில், குறைந்த நாட்களுக்கு மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்து நிறுத்துவதே பாதுகாப்பு.

இதை மனவுறுதிக்கான பரீட்சையாகப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. "குழந்தைக்காகக்கூட விட முடியலையா?" என்று கேட்டு அந்தப் பெண்ணை ஒளித்துக் குடிக்க வைத்துவிடுகிறார்கள். அடிமைத்தனம் ஒரு நோய், சிகிச்சை இருக்கிற நோய். கூடவே மருத்துவமனைக்குப் போகும் ஓர் ஆள்தான் அவளுக்கு இப்போது தேவை.

7. ஹெராயினை விடச் சொல்லிட்டு மெத்தடோன் கொடுக்கிறாங்களே? அதுவும் போதைதானே?

ஹெராயின், அபின், பழக்கமாகிப்போன வலிநிவாரண மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். கர்ப்பத்தின் நடுவில் இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் திரும்பவும் எடுத்துவிடுகிறார்கள். இடையில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் உயிர் போகலாம். அதனால்தான் 2014-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் கர்ப்ப கால வழிகாட்டுதல், மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்துச் சிகிச்சையில் தொடரும்படி சொல்கிறது.

தெருவில் வாங்கும் சரக்கில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு வீரியம் என்று யாருக்கும் தெரியாது. ரத்தத்தில் ஏறி இறங்கி ஏறுவதுதான் குழந்தையை உலுக்குகிறது. சிகிச்சை மருந்து தினமும் ஒரே அளவில் நிற்கிறது. ஊசி பகிர்வதால் வரும் தொற்றுகளும் குறைகின்றன, தாய் பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறாள். குழந்தைக்குப் பிறந்த பிறகு, மருந்து நின்றுபோவதால் வரும் விலகல் அறிகுறிகள் தெரியலாம் என்பது உண்மை; அதற்கு 12-ஆவது கேள்வியில் பதில் இருக்கிறது. இரண்டையும் தராசில் வைத்தால் சிகிச்சையின் பக்கம்தான் கனம் அதிகம்.

8. கஞ்சா செடிதானே, இயற்கைதானே? வாந்தி நிக்கும்னு ஒருத்தி சொன்னா.

புகையிலையும் செடிதான். கஞ்சாவின் போதைப்பொருளும் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு தெரிகிறது. வாந்திக்குக் கர்ப்ப காலத்தில் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். நாள்பட்ட கஞ்சா பழக்கமே ஓயாத வாந்தியை வரவழைப்பதும் உண்டு. சிகரெட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எடைக் குறைவு, குறைப்பிரசவம், தூக்கத்திலேயே சிசு இறந்துபோகும் அபாயம் எல்லாமே புகையால் கூடுகின்றன.

9. வலிப்புக்கும் தூக்கத்துக்கும் டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடுறேன். பயமா இருக்கு, நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வந்து தாய்க்கும் குழந்தைக்கும் சேர்ந்தே ஆபத்தாகும். பல மாதம் தொடர்ந்த தூக்க மாத்திரைகளையும் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். 6-ஆவது கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வலிப்பு மருந்தை மட்டும் பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டும்: வால்புரோயேட். கர்ப்பத்தில் இதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிச் சிக்கலும் வருகின்றன. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மாற்று மருந்தைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது.

10. நான் குடிக்கிறதில்லை. வீட்டுக்காரர்தான் குடிக்கிறார். அதனால குழந்தைக்கு வருமா?

எஃப்.ஏ.எஸ்.டி. வருவதற்குத் தாயின் ரத்தத்தில் ஆல்கஹால் இருந்திருக்க வேண்டும். தந்தையின் குடி விந்தணுவின் தரத்தையும், அதன் வழியாகக் குழந்தையின் வளர்ச்சியையும் தொடுகிறதா என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் தந்தைக்கு இதில் பங்கில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். வீட்டில் பாட்டில் இருப்பது, "ஒரு வாய் குடி" என்று வற்புறுத்துவது, அடிப்பது, இவையெல்லாம் பெண்ணைக் குடிக்கு இழுக்கின்றன. கணவரும் அந்த மாதங்களில் விட்டுவிட்டால் மனைவிக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

11. டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னா குழந்தையைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்களா?

இந்தப் பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது; சில இடங்களில் மருத்துவமனை குழந்தை நலத்துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். அதனால் பேசத் தொடங்கும் முன்பே, "நான் சொல்வதில் எது உங்களோடு நிற்கும், எதை நீங்கள் வெளியே தெரிவித்தாக வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தண்டித்தால் திருந்துவார்கள் என்று நம்பி அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2014-இல் சட்டம் போட்டது. கர்ப்பத்தில் போதைப்பொருள் எடுத்து, அதனால் குழந்தை பாதிக்கப்பட்டால் தாய்மீது வழக்கு. பெண்கள் மருத்துவமனைக்கு வரவே பயந்தார்கள். 2016-இல் அந்தச் சட்டம் நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. இதற்கு நேர்மாறாக வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991-இல் தொடங்கிய ஒரு திட்டம் இருக்கிறது. மது, போதைப் பழக்கம் உள்ள கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் ஒரே பணியாளர் மூன்று வருடம் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார். சிகிச்சை, வீடு, கருத்தடை, குழந்தையின் தடுப்பூசி என்று எல்லாவற்றிலும் கூட நிற்கிறார். திரும்பக் குடித்தாலும் அவளைத் திட்டத்திலிருந்து வெளியேற்றுவதில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விதிதான். மறுபடி தடுக்கி விழும் நாளில்தான் ஆள் துணை அதிகம் தேவைப்படுகிறது.

12. அப்படின்னா என் குழந்தை போதைக்கு அடிமையாவே பிறக்குமா?

அந்தச் சொல்லைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். தேடிப் போய் எடுப்பதுதான் அடிமைத்தனம். சிசு எதையும் தேடவில்லை. வயிற்றில் கிடைத்துக்கொண்டிருந்த மருந்து பிறந்ததும் நின்றுவிடுவதால் அதன் உடல் தடுமாறுகிறது. பெரும்பாலும் முதல் சில நாட்களில் தெரியும்: கீச்சென்ற அழுகை, நடுக்கம், அடிக்கடி தும்மல், கொட்டாவி, பால் குடிக்கத் திணறல், வயிற்றுப்போக்கு. இது சரியாகக்கூடியது.

முன்பெல்லாம் உடனே தனி அறைக்குக் கொண்டுபோய் மருந்து தொடங்குவார்கள். இப்போது பல மருத்துவமனைகளில் மூன்று விஷயங்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள்: பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தூக்கினால் சமாதானமாகிறதா. விளக்கைக் குறைத்து, சத்தத்தைக் குறைத்து, துணியில் இதமாகச் சுற்றி, தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுக்கிறார்கள். இது போதாதபோதுதான் மருந்து. 2023-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இந்த முறையில் பார்த்த குழந்தைகள் சுமார் 8 நாட்களில் வீட்டுக்குப் போகத் தயாரானார்கள். பழைய முறையில் சுமார் 15 நாட்கள். தாயையே முதல் மருந்தாக வைக்கும் முறை இது. தாயைப் பிரித்து வைத்தால் அந்த மருந்தும் பறிபோகிறது.

13. தாய்ப்பால் கொடுக்கலாமா?

மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபினில் நிலையாக இருக்கிறீர்கள், வேறு போதைப்பொருள் எடுப்பதில்லை என்றால் பொதுவாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்; தொற்று ஏதும் இருந்தால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மதுவைப் பொறுத்தவரை ரத்தத்தில் உள்ள அளவே பாலிலும் இருக்கும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் அது சீக்கிரம் போகாது. ஒரு கிளாசுக்குக் குறைந்தது 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடித்த நிலையில் குழந்தையை அருகில் படுக்க வைத்துத் தூங்கவே கூடாது.

14. என் பையன் முகம் நல்லாத்தான் இருக்கு, அறிவும் இருக்கு. அவனுக்கு எப்படி இது இருக்க முடியும்?

எஃப்.ஏ.எஸ்.டி. உள்ளவர்களில் பெரும்பாலானவர்களின் முகத்தில் எந்த அடையாளமும் இருக்காது. காரணம் 5-ஆவது கேள்வியில் சொன்ன அந்தச் சில நாட்கள்தான். கண் திறப்பின் அகலம் குறைவாக இருப்பது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் பள்ளம் இல்லாமை, மெலிந்த மேலுதடு மூன்றும் இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. இல்லாதவர்களுக்குக் கவனக்குறைவு, ஆட்டிசம், சில சமயம் வெறும் "அடங்காத பிள்ளை" என்று பட்டம் கிடைக்கிறது. அறிவுத்திறன் எண் சராசரியாக இருந்தாலும், நினைவு, திட்டமிடல், நேரக் கணக்கு, ஆசையை அடக்குவது ஆகியவற்றில் பெரிய ஓட்டை இருக்கலாம்.

இதைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் வளர்ந்த பிள்ளைக்கு இல்லை. கர்ப்ப கால வரலாறு, வளர்ச்சிக் கணக்கு, உளவியலாளர் செய்யும் நீண்ட சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். வேறு மரபணுக் காரணங்களையும் விலக்க வேண்டும்.

15. குணமாகுமா? மருந்து இருக்கா?

மூளையில் ஏற்பட்ட மாற்றத்தைத் திருப்பும் மருந்து இல்லை. கவனம், தூக்கம், பதற்றம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மருந்து உதவலாம். ஆனால் வாழ்க்கை எப்படிப் போகும் என்பதைச் சூழல் நிறையவே மாற்றுகிறது. ஆன் ஸ்ட்ரைஸ்கத் என்ற அமெரிக்க உளவியலாளர் தலைமையில் 415 பேரைப் பார்த்த ஆய்வு 2004-இல் வந்தது. சிறு வயதிலேயே கண்டறியப்பட்டு, நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள் படிப்பு நின்றுபோவது, சட்டச் சிக்கல், போதைப் பழக்கம் போன்றவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு அதிகமாக இருந்தது.

16. நூறு தடவை சொல்லியாச்சு, கேக்கவே மாட்டேங்கிறான். வாயைத் திறந்தா பொய். அடிச்சாலும் திருந்தலை. என்னதான் பண்றது?

காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பல் தேய்ச்சுட்டு, சட்டை மாத்திட்டு, பையை எடுத்துட்டு வா" என்று சொல்கிறீர்கள். அவன் பல் தேய்க்கிறான், அப்புறம் ஈரக் கையோடு நடுக்கூடத்தில் நிற்கிறான். மீதி இரண்டும் அவன் காதில் விழுந்தன, நினைவில் தங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், முடிந்ததும் அடுத்தது. செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். தினமும் அதே வரிசை, அதே இடம், அதே வார்த்தைகள். "நல்லா நடந்துக்கோ" என்பது அவனுக்குப் புரியாது. "கையை மடியில வை" என்பது புரியும்.

பொய்யைப் பொறுத்தவரை, பல நேரம் அவனுக்கே நடந்தது முழுசாக நினைவில் இருப்பதில்லை. விடுபட்ட இடத்தை மூளை ஏதோ ஒன்றால் நிரப்பிவிடுகிறது. நீங்கள் அதட்டும்போது இன்னும் வேகமாக நிரப்புகிறது. "ஏன் செஞ்சே?" என்ற கேள்வியைவிட "இப்ப இதைச் சரி பண்ணலாம், வா" என்பது பலன் தரும். நேற்று செய்ததற்கு இன்று தண்டனை கொடுத்தால் இரண்டையும் அவனால் முடிச்சுப் போட முடியாது. அடி பயத்தை மட்டும் மிச்சம் வைக்கும். அடி வாங்கியும் மாறாத பிள்ளை, முடியாததால்தான் மாறவில்லை.

இதையே பள்ளிக்கும் எழுதிக் கொடுங்கள்: கதவோரச் சத்தத்திலிருந்து தள்ளி இருக்கை, சுருக்கமான வீட்டுப்பாடம், இடைவேளையில் ஒரு பெரியவரின் கண். வயதைவிடச் சில ஆண்டுகள் சின்னப் பிள்ளையாக நினைத்து மேற்பார்வை வைத்தால் ஆசிரியருக்கும் கோபம் குறையும்.

17. நான்தான் காரணம்னு தெரிஞ்சதிலிருந்து தூக்கமே இல்லை. என்னை மன்னிக்க முடியுமா?

எந்தத் தாயும் பிள்ளையைக் கெடுக்க வேண்டும் என்று குடிப்பதில்லை. தெரியாமல், யாரோ தவறாகச் சொல்லி, அடி உதை தாங்காமல், விட முடியாத நோயால், இப்படித்தான் நடக்கிறது. உண்மையைச் சொன்ன உங்களால்தான் பிள்ளைக்குச் சரியான நோயறிதல் கிடைத்தது. மனச்சோர்வு பிடித்துக்கொண்டால் தாமதிக்காமல் சிகிச்சை எடுங்கள். குற்ற உணர்வு திரும்பக் குடிக்க வைக்கும். தத்தெடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெற்றவளைப் பிள்ளையின் எதிரில் திட்டாதீர்கள். தன்னில் பாதியைத் திட்டுவதாகவே அவன் எடுத்துக்கொள்வான்.

18. அவன்கிட்ட சொல்லணுமா? எந்த வயசுல?

சொல்ல வேண்டும், ஒரே மூச்சில் வேண்டாம். சின்ன வயதில் "உன் மூளைக்கு மறதி கொஞ்சம் அதிகம், அதான் படம் ஒட்டி வெச்சிருக்கோம்" என்பது போதும். காரணம் கேட்கும் வயது வரும்போது, வயிற்றில் இருந்தபோது மது சேர்ந்துவிட்டது, அது உன் தப்பில்லை என்று நேராகச் சொல்லுங்கள். தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இந்தப் பதில் நிம்மதியாகவே இருக்கிறது. வேறு யார் வாயிலிருந்தாவது கேட்கும் முன் உங்களிடமிருந்து கேட்கட்டும்.

19. அடுத்த குழந்தைக்கும் இப்படியே வருமா?

இது பரம்பரை நோய் இல்லை. அடுத்த கர்ப்பத்தில் மது இல்லை என்றால் எஃப்.ஏ.எஸ்.டி.யும் இல்லை. குடி தொடர்ந்தால் அபாயம் முன்னைவிடக் கூடும். பாதிக்கப்பட்ட பிள்ளை பெரியவளாகி, தன் கர்ப்ப காலம் முழுவதும் குடிக்காமல் இருந்தால் அவள் குழந்தைக்கும் இது வராது.

அதனால் பழக்கம் முழுசாக விடும்வரை உங்களுக்கு ஒத்துவரும் கருத்தடையைப் பயன்படுத்துங்கள்; பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அதைப் பற்றிப் பேசிவிடலாம். கருத்தரிக்க முயலத் தொடங்கும் மாதத்திலேயே மதுவை நிறுத்துங்கள், ஃபோலிக் அமிலம் அப்போதே தொடங்குங்கள். ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால், தினமும் குடிப்பவர் 6-ஆவது கேள்விக்கும் மற்றவர்கள் 4-ஆவது கேள்விக்கும் போய்ப் படியுங்கள்.